வானத்தில் வீடு கட்ட முடியுமா? ஒரு கடைக்காரரின் கணக்கு

(நமது சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த மாணவர் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் கேட்டது வேறு தலைப்பு. "வியாபாரத்தில் முன்னேறுவது எப்படி என்று பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் இருபது பேராவது இருக்கிறார்கள். அதனால் தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். விண்வெளியில் கட்டடம் கட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சிமெண்டும் ஆணியும் விற்கிறவனுக்கு விண்வெளியில் என்ன வேலை என்று நினைத்திருப்பார். நியாயமான கேள்விதான். பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பெயர். பாலிங் என்றால் மலாயில் எறிவது. கோரைப்பல் முளைத்த ராஜா பெர்சியோங் தன் பல்லைப் பிடுங்கி எறிந்தார், அது வந்து விழுந்த இடம்தான் பாலிங் என்று இங்கே சின்னப் பிள்ளைகூடக் கதை சொல்லும். விண்வெளி வேலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளைப் போதுமான வேகத்தில் எறிந்தால் அது திரும்ப வந்து விழாது, பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர். இங்கிருந்து சுங்கைப் பட்டாணிக்கு நாம் ஒரு மணி நேரம் கார் ஓட்டுகிறோம். அந்த வேகத்தில் போனால் பத்து விநாடி ஆகாது.

இனி என் கதை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நண்பர் மூலமாக ஒரு முதலீட்டுக் கூட்டத்துக்குப் போனேன். பெரிய ஓட்டல், குளிர்சாதன அறை, நல்ல சாப்பாடு. திரையில் ஒரு படம் காட்டினார்கள். வண்டிச் சக்கரம் போல வட்டமான விடுதி ஒன்று, விண்வெளியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே சோபா, உணவகம், கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பூமி. இன்னும் சில வருஷத்தில் இது தயார், இன்றைக்குப் பங்கு வாங்குகிறவர்களுக்குப் பத்து மடங்கு என்றார்கள். நான் போட்டது 12,000 வெள்ளி. அதில் பாதி என் மனைவியின் வளையல்கள். ஆறு மாதம் கழித்து அந்த அலுவலகத்துக்குப் போனேன். கதவில் வேறு பெயர்ப்பலகை தொங்கியது.

பணம் போனதைச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று அதற்குப் பிறகுதான் வந்தது. என் அக்கா மகன் மூன்றாம் படிவத்தில் படிக்கிறான். ஒரு நாள் கடைக்கு வந்து தன் நோட்டைக் காட்டினான். மேலே ஒரு விண்கல், அதிலிருந்து நீண்ட கயிறு, கயிற்றின் நுனியில் தலைகீழாகத் தொங்கும் அடுக்குமாடி, அதற்குக் கீழே நம் பாலிங் மலை. நன்றாகத்தான் வரைந்திருந்தான். "மாமா, இப்படிக் கட்ட முடியுமா?" என்று கேட்டான். எனக்கு அந்த ஓட்டல் அறை ஞாபகம் வந்துவிட்டது. "இதெல்லாம் ஏமாத்து வேலை. போய்ப் பாடத்தைப் படி" என்று கத்திவிட்டேன். அவன் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டான். பிறகு அக்கா சொன்னார், அடுத்த வருஷம் அறிவியல் பிரிவு வேண்டாம் என்கிறானாம்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஜித்ரா பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவில் டிப்ளோமா முடித்தவன். உத்தரத்தில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று கணக்குப் போடக் கற்றவன். அந்தக் கூட்டத்தில் கணக்குப் போடாமல் நம்பினேன். பையனிடம் கணக்குப் போடாமல் மறுத்தேன். இரண்டும் ஒரே தப்பு. அதனால் கணக்கைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். எந்தப் படத்தைக் காட்டினாலும் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள் என்று கண்டேன். மூன்றும் என் கடையில் தினம் கேட்கிற கேள்விகள்தான்.

முதல் கேள்வி: எடை எவ்வளவு, கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலி எவ்வளவு?

சிமெண்டு மூட்டை 50 கிலோ. கடையில் இருபது வெள்ளிச் சொச்சம். கம்போங் வரை லாரியில் கொண்டுபோனால் கூலி சேரும். விண்வெளிக்குக் கொண்டுபோனால்? அமெரிக்காவின் விண்கலங்கள், ஷட்டில் என்பார்களே, அவை ஓடிய காலத்தில் ஒரு கிலோவுக்கு 50,000 டாலருக்கு மேல் ஆனது. இப்போது மறுபடி பயன்படுத்தும் பால்கன் 9 ராக்கெட் வந்தபிறகு விலைப்பட்டியல்படி கிலோவுக்குச் சுமார் 3,000 டாலர் என்று இறங்கியிருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் நம் சிமெண்டு மூட்டைக்கு லாரிக் கூலி மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் வெள்ளி. நம் பக்கத்துத் தரை வீடு ஒன்று செங்கல், கான்கிரீட் எல்லாம் சேர்த்து 100 டன்னைச் சுலபமாகத் தாண்டும். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மேலே கட்டடமே இல்லையா? இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. 1998 நவம்பரில் முதல் பகுதியை அனுப்பினார்கள். 2000 நவம்பரிலிருந்து அதில் ஆள் இல்லாத நாளே இல்லை. எடை 420 டன் அளவு. நாற்பதுக்கும் மேற்பட்ட பயணங்களில் துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். செலவு 100 பில்லியன் டாலருக்கு மேல் என்கிறார்கள். இவ்வளவுக்கும் உள்ளே குடியிருக்கும் இடம் ஆறு படுக்கையறை வீட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் நம் நாட்டவர் ஒருவரும் தங்கியிருக்கிறார். எலும்பு மருத்துவர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர், 2007 அக்டோபர் 10ஆம் தேதி ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் போனார். அது ரமலான் மாதத்தின் கடைசி நாட்கள். பெருநாளை அவர் அங்கேதான் கொண்டாடினார். அந்த நிலையம் ஒரு நாளில் ஏறத்தாழ 16 தடவை பூமியைச் சுற்றும். 16 தடவை விடியும், 16 தடவை பொழுது சாயும். அப்படியானால் தொழுகை நேரம் எது? கிப்லா எந்தப் பக்கம்? நம் நாட்டு உலமாக்களும் விஞ்ஞானிகளும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி வழிகாட்டி எழுதினார்கள். நேரத்துக்கு ராக்கெட் கிளம்பிய ஊரின் நேரத்தை வைத்துக்கொள்ளலாம். திசைக்கு முடிந்தால் கஅபா, இல்லாவிட்டால் கஅபாவுக்கு நேர் மேலே உள்ள வான்பகுதி, அதுவும் இயலாவிட்டால் பூமி, அதுவும் இயலாவிட்டால் எந்தப் பக்கமும் என்று வரிசைப்படுத்தினார்கள். இதெல்லாம் வீண் கேள்வி என்று அவர்கள் சிரிக்கவில்லை. ஆள் போகிறார், பதில் தேவை, யோசித்துச் சொன்னார்கள். அன்று பையனிடம் நான் காட்டியிருக்க வேண்டிய பொறுமை அதுதான்.

இப்போது அந்தச் சக்கர விடுதிக்கு வருகிறேன். அதன் மூலக் கருத்து பொய்யில்லை. சக்கரம் சுற்றினால் உள்ளே இருப்பவரை விளிம்பு பக்கம் தள்ளும், தரையில் நிற்பது போல இருக்கும். 1975இல் அமெரிக்காவில் நாசாவும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகமும் கூட்டாக ஒரு கோடைக்கால ஆய்வு நடத்தி, 10,000 பேர் குடியிருக்கும் சக்கர நகரம் ஒன்றை வடிவமைத்தன. குறுக்களவு 1.8 கிலோமீட்டர். எடை சுமார் 1 கோடி டன். கதிர்வீச்சு உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் கனமாக மண் போர்த்த வேண்டும், எடையில் பெரும்பகுதி அதுதான். இன்றுள்ள நிலையம் 420 டன். ஒரு கோடியை 420ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24,000. இப்போதைய நிலையம் போல 24,000 நிலையங்களின் எடை! அந்த ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. பூமியிலிருந்து தூக்கினால் கட்டாது, நிலவின் இழுப்பு ஆறில் ஒரு பங்குதான், ஆகவே நிலவு மண்ணை அங்கிருந்து எறிந்து கொண்டுவரலாம் என்று எழுதினார்கள். எனக்குப் படம் காட்டியவர் சோபாவின் நிறத்தைச் சொன்னார், எடையைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது கேள்வி: எது தாங்குகிறது?

பையன் வரைந்த தொங்கும் கோபுரம் அவன் கற்பனை இல்லை. 2017இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு கட்டடக்கலை நிறுவனம் 'அனலெம்மா கோபுரம்' என்று வெளியிட்ட திட்டம் அது. ஒரு விண்கல்லைப் பிடித்து 50,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்துவது, அதிலிருந்து வடம் இறக்குவது, வடத்தில் கட்டடத்தைத் தொங்கவிடுவது. துபாயில் செலவு குறைவு, ஆகவே அங்கே கட்டித் தொங்கவிடலாம் என்றும் சொன்னார்கள். கட்டடம் ஒரே இடத்தில் நிற்காது. ஒரு நாளில் வடக்கும் தெற்குமாக எட்டு என்ற எண் வடிவில் ஊர் ஊராகச் சுற்றிவரும். காற்று மண்டலத்துக்குள் மணிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வீடு. பால் வாங்க இறங்குவது கொஞ்சம் சிரமம்.

இதற்கு அண்ணன் முறையில் இன்னொரு திட்டம் உண்டு, விண்வெளி லிப்ட். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளை வைத்தால் அது பூமியோடு சேர்ந்து சுற்றும். நம் கண்ணுக்கு அசையாமல் நிற்பது போல இருக்கும். அங்கிருந்து தரைக்குக் கயிறு இறக்கி, கயிற்றில் லிப்ட் ஓட்டலாம் என்பது எண்ணம். 1895இல் ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி ஐபில் கோபுரத்தைப் பார்த்து, விண்வெளி வரை உயரும் ஒரு கோபுரத்தைக் கற்பனை செய்தார். 1960இல் அதே நாட்டின் ஆர்ட்சுடானோவ் கீழிருந்து கட்ட வேண்டாம், மேலிருந்து கயிறு இறக்கலாம் என்றார். 2012இல் ஜப்பானின் ஒபயாஷி கட்டுமான நிறுவனம் 2050 வாக்கில் 96,000 கிலோமீட்டர் வடத்தோடு இதைக் கட்டும் யோசனையை வெளியிட்டது.

இந்த லிப்டுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இலங்கையில் 1956 முதல் குடியிருந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1979இல் இதை வைத்து ஒரு நாவல் எழுதினார். அந்த லிப்டின் அடிவாரமாக அவர் எடுத்துக்கொண்டது இலங்கையின் சிவனொளிபாத மலையை மனத்தில் வைத்து அவர் உருவாக்கிய ஒரு மலை. நம் பெரியவர்கள் பாவா ஆதம் மலை என்று சொல்வார்களே, பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா ஏறிப் பார்த்த மலை, அதுதான். ஆனால் லிப்ட் நடுக்கோட்டில் இருக்க வேண்டும், இலங்கை அதற்கு வடக்கே இருக்கிறது. அதனால் கதையில் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார். நம் பாலிங் இலங்கையின் தென்முனையைவிடக் கொஞ்சம் தெற்கேதான் இருக்கிறது. ஆகவே நாமும் மனுப் போடலாம்.

சரி, கயிறு தாங்குமா? இதற்கு நான் புத்தகத்தைத் தேடவில்லை, கடைக்குள் போனேன். மரம் இழுப்பவர்கள் வாங்கும் 10 மில்லிமீட்டர் கம்பிக் கயிறு ஒரு மீட்டர் ஏறத்தாழ 400 கிராம். சுமார் 6 டன் பாரத்தில் அறும். 6,000 கிலோவை 0.4ஆல் வகுத்தால் 15,000 மீட்டர். அதாவது இந்தக் கயிற்றை 15 கிலோமீட்டருக்கு மேல் தொங்கவிட்டால், எந்தப் பாரமும் கட்டாமலே தன் எடையாலேயே அறுந்துவிடும். தடித்த கயிறு போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பலம் இரண்டு மடங்கானால் எடையும் இரண்டு மடங்காகும், விடை மாறாது. மிக உயர்ந்த ரக எஃகுக் கம்பியும் முப்பது, நாற்பது கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். குண்டு துளைக்காத சட்டை செய்யும் கெவ்லார் இழை 250 கிலோமீட்டர் தாங்கும்.

தேவை எவ்வளவு? மேலே போகப் போக பூமியின் இழுப்பு குறைகிறது, சுற்றும் வேகம் வெளியே இழுக்கிறது. அதனால் முழு 35,786 கிலோமீட்டரையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தரையில் உள்ள இழுப்பில் அளந்தால் சுமார் 4,900 கிலோமீட்டர் தன்னைத் தானே தாங்கும் கயிறு போதும். மேலே தடிமனாகவும் கீழே மெல்லியதாகவும் செய்தால் அதிலும் சலுகை உண்டு. ஆனால் எஃகில் அப்படிச் செய்யப் போனால் மேல்நுனியின் தடிமன் கற்பனைக்கு எட்டாத அளவுக்குப் போய்விடும். கார்பன் நானோ குழாய் என்ற பொருளுக்குத் தாள் கணக்கில் இந்தப் பலம் இருக்கிறது. ஆனால் 2013இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகம் பெருமையோடு அறிவித்த ஒற்றைக் குழாயின் நீளம் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். அரை மீட்டர் எங்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எங்கே! ஆகவே, தம்பி தங்கைகளே, தொங்கும் கோபுரம் இன்றைக்கு முடியாது. எந்த இயற்கை விதியும் அதைத் தடுக்கவில்லை. கயிறுதான் இல்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. விதி தடுத்தால் விட்டுவிட வேண்டும். கயிறு இல்லையென்றால் யாராவது கயிறு செய்யப் படிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: சிறிய அளவில் செய்து காட்டினீர்களா?

நம் சமுதாயத்தில் விண்வெளி என்றதும் நினைவுக்கு வருபவர் இராமேஸ்வரத்து டாக்டர் அப்துல் கலாம். அவருடைய எஸ்.எல்.வி. 3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10இல் தோற்றது, 1980 ஜூலை 18இல் வென்றது. அந்த வெற்றியில் மேலே போன ரோகிணி துணைக்கோளின் எடை ஒரு சிமெண்டு மூட்டையைவிடக் குறைவு. அந்தச் சின்ன எறிதலுக்கு அத்தனை வருஷ உழைப்பு. அதே கலாம் 2010இல் அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து ஒரு பெரிய திட்டத்துக்குக் குரல் கொடுத்தார். விண்வெளியில் சூரிய மின் நிலையம் கட்டி, மின்சாரத்தைக் கம்பியில்லாமல் பூமிக்கு அனுப்புவது. 1968இல் பீட்டர் கிளேசர் முன்வைத்த யோசனை அது. மேலே ராத்திரியோ மேகமோ தடுக்காது, ஆகவே மின்சாரம் ஓயாது. ஆனால் ஒவ்வொரு நிலையமும் ஆயிரக்கணக்கான டன். 2024இல் நாசா வெளியிட்ட அறிக்கை, தரையில் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைவிட இது 12 முதல் 80 மடங்கு வரை செலவு பிடிக்கும் என்று கணக்கிட்டது. தூக்கும் கூலி நன்றாக இறங்கினால் கணக்கு மாறலாம் என்றும் சொன்னது.

கலாம் கனவு கண்டார், நாசா கணக்குப் போட்டது, இரண்டும் மரியாதைக்குரிய வேலை. இதற்கிடையில் 2023இல் அமெரிக்காவின் கால்டெக் கழகம் ஒரு சிறிய கருவியை மேலே அனுப்பி, விண்வெளியில் கம்பியில்லாமல் மின்சக்தியைக் கடத்திக் காட்டியது. அந்தச் சமிக்ஞையைத் தரையிலும் பிடித்தார்கள். ஒரு வீட்டுக்கு விளக்கேற்றும் அளவுகூட இல்லை. ஆனாலும் அது செய்து காட்டியது. நேர்மையான திட்டத்தின் அடையாளம் அந்தச் சின்ன மாதிரிதான்.

இன்னொரு உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கம். நிலவில் வீடு கட்ட சிமெண்டு கொண்டுபோக முடியாது என்று பார்த்தோம். அப்படியானால் அங்கே கிடைக்கும் மண்ணில்தான் கட்ட வேண்டும். நம் தாத்தாமார்கள் அத்தாப்பும் மூங்கிலும் கிடைத்த இடத்தில் அதைக் கொண்டே வீடு கட்டினார்களே, அதே நியாயம். 2020இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும், நிலவு மண்ணைப் போன்ற பொடியில் ஒருவகை பாக்டீரியா, யூரியா, கொத்தவரை விதைப் பிசின் சேர்த்துச் செங்கல் போன்ற கட்டிகளைச் செய்து காட்டின. கொத்தவரங்காய் நிலவில் வீடு கட்டப் பயன்படும் என்று என் அம்மாவிடம் சொன்னபோது, முதலில் தட்டில் இருப்பதைச் சாப்பிடு என்றார்.

நிலவு மண்ணைப் போன்ற மண்ணும் தமிழ் மண்தான். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்ற ஊர்களில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநில மண்ணுக்கு நெருங்கியது. 2012 முதல் ஏறத்தாழ 50 டன் அங்கிருந்து இஸ்ரோவுக்குப் போயிருக்கிறது. அதைப் பரப்பித்தான் நிலவில் இறங்கும் கலத்தையும் உலாவும் வண்டியையும் சோதித்தார்கள். 2019இல் சந்திரயான் 2இன் இறங்கு கலம் விழுந்து நொறுங்கியது. 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான் 3 பத்திரமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரம் பி. வீரமுத்துவேல். ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். பள்ளி முடித்ததும் நேராகப் பெரிய பல்கலைக்கழகம் போகவில்லை, பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தார். அதற்குப் பிறகுதான் பொறியியல் பட்டம், சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் எல்லாம். பாலிடெக்னிக் என்றால் மார்க் குறைந்தவன் போகிற இடம் என்று நம்மில் சிலர் இன்னும் பேசுகிறோம். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவு கணக்குக்குப் பிறகு ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்றைய கணக்கில் ஒரு திட்டம் தோற்றால் அந்த எண்ணமே செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. மேலே சொன்ன கிளார்க், 1945இல், உலகில் ஒரு துணைக்கோள்கூட இல்லாத காலத்தில், அந்த 35,786 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதும் ஒளிபரப்பலாம் என்று எழுதினார். அவற்றில் ஆட்கள் தங்கி வேலை செய்வார்கள் என்றும் நினைத்தார். 1964இல் முதல் துணைக்கோள் அங்கே போய் நின்றது. 1996இல் நம் நாட்டின் மியாசாட் 1 போனது. அதே வருஷம் ஆஸ்ட்ரோ வந்தது. இன்றைக்குத் தோட்டத்து வீட்டுக் கூரையிலும் ஒரு தட்டு அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆள் தங்கும் கட்டடம் அங்கே வரவில்லை. அந்தக் கட்டடம் செய்ய வேண்டிய வேலையை ஆளில்லாத ஒரு பெட்டி செய்கிறது. எண்ணம் நிறைவேறியது, கிளார்க் நினைத்த உருவத்தில் இல்லை. பையன் வரைந்த கோபுரத்துக்கும் அப்படி ஒரு நாள் வரலாம்.

பெரியவர்களே, மூன்று கேள்விகளையும் மறுபடி சொல்கிறேன். எடை எவ்வளவு, கூலி எவ்வளவு? எது தாங்குகிறது? சிறிய அளவில் செய்து காட்டினீர்களா? நாளைக்கு உங்களிடம் யாராவது படத்தோடு வந்தால், அது விண்வெளி விடுதியாக இருந்தாலும் சரி, கைத்தொலைபேசியில் வரும் முதலீடாக இருந்தாலும் சரி, பையில் கை வைப்பதற்கு முன் இந்த மூன்றையும் கேளுங்கள். உண்மையான ஆள் இருந்து பதில் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார். மற்றவர், இன்றைக்கே போட்டால்தான் லாபம் என்பார். நான் கேட்காமல் விட்டதற்குக் கொடுத்த கட்டணம் 12,000 வெள்ளி. உங்களுக்கு இலவசமாகச் சொல்லிவிட்டேன்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் ஒரு கடையின் மாடியில் கூடினார்கள் என்று என் அத்தா சொல்வார். பிறகு தகரக் கூரைக் கொட்டகை, பிறகு பாதிச் சுவர், பிறகுதான் இந்த மண்டபம். கையில் இருந்த காசுக்கு எவ்வளவோ அவ்வளவே கட்டினார்கள், மீதியைப் படத்தில் வைத்திருந்தார்கள். இனி வரும் ஆண்டுகளில் கல்வி நிதியில் ஒரு சிறு பங்கை அறிவியல் பிரிவும் பாலிடெக்னிக்கும் எடுக்கும் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை இதே மண்டபத்தில் கணக்கும் பௌதிகமும் சொல்லித்தர ஏற்பாடு செய்யுங்கள். கயிறு, கப்பி, தராசு எல்லாம் என் கடையிலிருந்து வரும். வாடகை கேட்க மாட்டேன்.

கடைசியாக என் அக்கா மகன். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். தன்னைவிடச் சின்னவனிடம் மன்னிப்புக் கேட்பது நமக்குப் பழக்கம் இல்லை, நாக்கு கொஞ்சம் தடுமாறியது. அந்தக் கம்பிக் கயிற்றுக் கணக்கை அவனுக்குக் காட்டினேன். 15 கிலோமீட்டரில் அறும் என்றதும் முகம் வாடிவிட்டது. அறிவியல் பிரிவு எடுப்பதா என்று இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் போன வாரம் பள்ளி விட்டதும் கடைக்கு வந்தான். மீன்பிடிக்கிற நைலான் நூல் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாமா, இது ஒரு மீட்டர் எத்தனை கிராம்? எத்தனை கிலோவில் அறும்?" என்று கேட்டான். வாடிக்கையாளர் இருவர் காத்திருந்தார்கள். அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நானும் அவனும் தராசை எடுத்து வைத்தோம்.

 அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. வஸ்ஸலாம்.